முளை அடித்த இடம்

ஏகாம்பரம் என்ற பிளம்பர் தன் மனைவி பவுனம்மாளைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றான் என்பது போலீஸ் தரப்பு. அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம், அன்று அவன் வீட்டுக்குள் தண்ணீரே வரவில்லை என்பதுதான்.

கேட்டால் தலை சுற்றும். சுற்றட்டும், சட்டம் அப்படி இருந்தது. பவுனம்மாளின் மூச்சுக்குழலில் சேற்றுத் தண்ணீர் இருந்தது, மூழ்கித்தான் செத்திருக்கிறாள் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதிவிட்டார். நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில் ஆவாரங்குட்டை காலனியில் சொட்டு வெள்ளம் கிடையாது என்று நீர்க்கணிப்பு மையத்தின் வரைபடம் சொன்னது. காய்ந்து கிடந்த வீட்டில் ஒருத்தி மூழ்கிச் சாக வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம்மும் ஒரு புருஷனும் இருந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் அப்படித்தான் முடிவு கட்டினார்.

அக்கம்பக்கத்தார் கண்ணால் பார்த்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைக் கெடுத்துக்கொண்டதும் நாம்தான். 2038 வெள்ளம் வடிந்ததும், நிவாரணப் பட்டியலில் பெயர் வரவேண்டும் என்பதற்காக ஊரே சுவரில் சேற்றைக் குழைத்துப் பூசியது. ஐந்தாவது மாடியில் குடியிருந்த ரிட்டயர்ட் பேராசிரியர் ஒருவர் படுக்கையறைச் சுவரில் இடுப்பளவுக்குக் கறை காட்டினார். பார்க்க வந்த தாசில்தார்களுக்கு வெறுத்தே போயிற்று. அடுத்த வருஷம் வெள்ளச் சாட்சியச் சட்டம் வந்தது. எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் என்பதை இனி மனுஷன் சொல்ல வேண்டாம், சுவரும் சொல்ல வேண்டாம், மையத்தின் கணினி சொன்னால் போதும். மழை பெய்யப் பெய்ய அது ஊரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சமன்பாடுகளைத் தீர்த்து, தண்ணீர் எங்கே போகும் என்று படம் போடும். அந்தப் படத்தைப் பார்த்து மதகு ஷட்டர்கள் தாமாகவே ஏறி இறங்கும், படகுகள் கிளம்பும். பிற்பாடு கோர்ட்டில் அதே படம்தான் சாட்சி.

அந்தக் கணிப்பு முறையை எழுதியவள் யாமினி. நாற்பத்து மூன்று வயது, மையத்தில் தலைமைக் கணிதவியலாளர். ஆறு வருஷத்தில் அவள் எழுதியது ஒரு நாள்கூட நடுவழியில் படுத்துக்கொண்டதில்லை. வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, இல்லையென்று நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஏகாம்பரத்தை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் இருந்த அடுக்குமாடிக்குப் பத்து வருஷமாக அவன்தான் குழாய் வேலை. ஜாமீனில் வெளியே வந்த மறுவாரம், சமையலறை சிங்க் ஒழுகுகிறதென்று கூப்பிட்டபோது அவனே வந்தான். மற்ற வீட்டுக்காரர்கள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். யாமினிக்கு விஷயமே தெரியாது.

சிங்க்குக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கினான்.

"மேடம் மழ ஆபீஸ்லதான வேல பாக்குறீங்கோ?"

"ஆமாங்க. ஏன்?"

"ஒண்ணு கேக்கணும், தப்பா நெனச்சுக்காதீங்கோ. தண்ணிய அமுக்க முடியுமா?"

யாமினி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அமுக்கறதுன்னா?"

"காத்த அமுக்கலாம், டயர்ல அமுக்கித்தான் அடைக்கிறோம். தண்ணி அப்டி கொறயாதில்ல? பைப்புல இந்தப் பக்கம் ஒரு பக்கெட் உள்ள போச்சுன்னா அந்தப் பக்கம் ஒரு பக்கெட் வெளிய வந்தே ஆவணும். இருவத்தஞ்சு வருசமா இந்த வேலதான் செய்றேன். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

"எங்களுக்குத் தெரிஞ்சதும் அவ்வளவுதாங்க. அதையேதான் பெரிய கணக்கா எழுதி வச்சிருக்கோம்."

"அப்போ எங்க வூட்டுக்குள்ள வந்த தண்ணி எங்க மேடம் போச்சு? வரவே இல்லன்றாங்கோ."

அவன் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னான். அன்று காலை ஒன்பது மணிக்கு அவனும் பவுனம்மாளும் போனில் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். காலனி பச்சையாக இருந்தது. பச்சை என்றால் பயமில்லை என்று அர்த்தம், அதனால் எங்கும் போகவில்லை, படகும் வரவில்லை. பத்து மணிக்கு முட்டியளவுத் தண்ணீர்.

"பவுனுதான் சொன்னா, மொதல்ல டிவிய ரேஷன் கட மாடிக்கு ஏத்து, நான் ரேஷன் கார்டு, ஆதாரு எல்லாம் எடுத்துனு வரேன்னு. புது டிவி மேடம், தவணகூட முடியல. ஏத்திட்டுத் திரும்பறேன், எனுக்குக் கழுத்தளவு வந்துட்ச்சு. எங்க வூட்டுக் கதவு வெளிப்பக்கம் தெறக்கிற கதவு. இழுக்குறேன், வர்ல. வெளித் தண்ணி அமுக்குது. உள்ளேர்ந்து அவ தள்றா. தள்றது கைக்குத் தெரியுது மேடம். அப்பறம் தெரியல."

ஏகாம்பரம் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, "வாசர் போயிருக்கு, மாத்திட்றேன்" என்று மறுபடி உள்ளே தலையை விட்டான்.

யாமினி முதலில் நம்பவில்லை. கணக்கு தப்பாது என்று அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவாரங்குட்டைக்குப் போனாள். சாலையிலிருந்து சிமெண்ட் படிகளில் இறங்கினால் முந்நூறு வீடுகள். எல்லா வீட்டுச் சுவரிலும் நிலைக்கு மேலே கறை. முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஒரே மட்டத்தில், நூல் பிடித்தது போல ஓடியது. பொய்க்குச் சேறு பூசுகிறவர்கள் முந்நூறு வீட்டுக்கும் மட்டம் பார்த்துப் பூசமாட்டார்கள். ஏகாம்பரம் பிய்ந்து தொங்கிய கதவைக் காட்டினான். அவள் போனை எடுத்து, தான் நிற்கும் இடம் கணக்கில் எத்தனையாவது கட்டம் என்று பார்த்தாள். அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

திங்கட்கிழமை காலையில் இயக்குநர் தணிகாசலத்தின் அறைக்குப் போனாள். அவர் வருவாய்த் துறையிலிருந்து வந்தவர். கணக்கு தெரியாது, ஆனால் யார் எப்போது கோபப்படுவார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

"சார், நம்ம சமன்பாடு ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் அழுத்தம் எவ்வளவு வித்தியாசம்னுதான் சொல்லும். இந்தத் தெரு அந்தத் தெருவவிட ரெண்டு படி மேலன்னு சொல்லும், தரை எங்கன்னு சொல்லாது. அதனால ஏதாவது ஒரு கட்டத்துல முளை அடிச்சு, இதுதான் பூஜ்யம்னு நாமளே சொல்லிடணும். மாட்டக் கட்டற மாதிரி."

"எல்லாரும் பண்றதுதானே?"

"நிறைய பேர் பண்ணுவாங்க. உள்ள வர்ற தண்ணியும் வெளிய போற தண்ணியும் டேலி ஆச்சுன்னா அதுல தப்பே இல்ல. நமக்கு என்னைக்கு சார் டேலி ஆச்சு? மழைமானி பாதி வேலை செய்யாது. ஒவ்வொரு மழைக்கும் துண்டு விழும், உள்ள வந்தது கூட, வெளிய போனது கொறைவு. தண்ணிய அமுக்கி எங்கயும் ஒளிக்க முடியாதே, அந்தத் துண்டு எங்கயாவது போயாகணும். ஊர்ல முப்பது லட்சம் கட்டத்துலயும் சமன்பாடு கறாரா நிக்குது. முளை அடிச்ச கட்டம் ஆவாரங்குட்டை, அங்க மட்டும் நாமளே அத எடுத்துட்டோம். அதனால மொத்தத் துண்டும் அங்க போய் மறைஞ்சுடுது. கணினியப் பொறுத்தவரைக்கும் அது அடியே இல்லாத ஓட்டை."

"மறைஞ்சா நல்லதுதானேம்மா?"

"கணக்குலதான் சார் மறையுது. ஷட்டர் நிஜம். அந்தப் பக்கம் தள்ளினா தண்ணி காணாமப் போகுதுன்னு கணினிக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆறு வருஷமா எந்த மழைக்கும் அந்தப் பக்கத்து ஷட்டரத்தான் மொதல்ல தூக்குது. இவ்வளவு பெரிய மழை நடுவுல வராததால வெளிய தெரியல."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கட்டத்தத் தேர்ந்தெடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

அவள் வேண்டுமென்று செய்ததில்லை. நிலப் பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேரே 'குட்டை, புறம்போக்கு' என்று இருந்தது. குட்டை என்றால் தண்ணீர் நிற்கும் இடம், ஆள் இல்லாத இடம், பூஜ்யத்துக்கு வசதியான இடம். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் எண்ணை அடித்துவிட்டாள். குட்டை வற்றி முப்பது வருஷம் ஆயிற்று. ஆற்றங்கரையிலிருந்து காலி செய்த ஜனங்களை லாரியில் ஏற்றிவந்து அதற்குள் இறக்கியதும் அரசாங்கம்தான். ஆனால் பதிவேட்டைத் திருத்தினால் அவர்களுக்குப் பட்டா கொடுக்க வேண்டிவருமே, அதனால் எந்த மகராசனும் அதில் கை வைக்கவில்லை.

ஏகாம்பரத்துக்கு இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் ஒரு இளம்பெண். யாமினி போனில் விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம், பழைய படம் செல்லாதுன்னு நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். படம் இல்லன்னா கேஸ் இல்ல. அன்னைக்கே தள்ளுபடி பண்ணிடுவாங்க."

"ஒரு வரியோட எப்படி வர்றது? மூணு வாரம் டைம் வாங்குங்க. சரியான படத்தையே போட்டு எடுத்துட்டு வரேன்."

இங்கேதான் அவள் புத்தி அவளைக் கவிழ்த்தது. மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிழையை மட்டும் தூக்கிக்கொண்டு யாரும் மீட்டிங்குக்கு வரக்கூடாது, திருத்தத்தோடுதான் வரவேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே யாமினி. பிழையோடு மட்டும் வந்த எத்தனையோ சின்னப் பையன்களையும் பெண்களையும் அவள் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறாள். இப்போது தானே வெறுங்கையோடு போய் நிற்பதா?

திருத்தம் அழகான திருத்தம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். முளையைப் பிடுங்கி எறிந்தாள். மழைக்கணக்கில் விழுந்த துண்டை ஒரு கட்டத்தின் தலையில் கட்டாமல், முப்பது லட்சம் கட்டங்களுக்கும் சமமாகப் பங்கு போட்டாள். மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் உழைத்து, நவம்பர் பத்தொன்பதாம் தேதியை முதல் சொட்டிலிருந்து மறுபடி ஓட்டினாள். மொத்தப் பிழை கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான விடையைப் பார்த்ததில்லை. எந்தக் கட்டத்தில் எவ்வளவு தண்ணீர் என்று தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பது கத்துக்குட்டிகள் வேலை, தொழில் தெரிந்தவர்கள் மொத்தப் பிழையைத்தான் பார்ப்பார்கள். அவளும் அதைத்தான் பார்த்தாள். ஆவாரங்குட்டைக்கு நேரே என்ன வந்திருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

தணிகாசலம் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துப் போனாள். அவர் அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"நல்ல வேலம்மா. ஊர் முழுக்க எல்லார் வாசல்லயும் அரை விரல் தண்ணி காட்டுது. எல்லாருமே பாதிக்கப்பட்டவங்க ஆயிட்டாங்க. இதுல யார் கோவிச்சுக்கப்போறா?"

பழைய படம் வாபஸ் ஆயிற்று, புதிய படம் சட்டப்படி அதன் இடத்தில் ஏறியது. யாமினி ஏகாம்பரத்துக்குப் போன் செய்து, இனி பயப்படாதீங்க என்றாள். அவன் அழுதான். அன்று சாயங்காலம் அவள் ரொம்ப நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கோர்ட்டில் கூட்டம் இல்லை. ஏகாம்பரம் பின்னால் கூண்டில் நின்றான். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. வக்கீல்கள் பாதி இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள், அவனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. யாமினியைப் பார்த்து மட்டும் தலையசைத்தான்.

அரசு வக்கீல் புதிய படத்தைத் திரையில் போட்டார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

"பழைய படத்துல தவறு இருந்தத அரசு முழு மனசோட ஒத்துக்குதுங்க. ஆவாரங்குட்டையில அன்னைக்குத் தண்ணி வந்தது உண்மை. திருத்தின படத்துல காலை பத்தரை மணிக்கு இருந்த மட்டம் பதிவாகியிருக்கு. கரைக்கு மேல ஏழு சென்டிமீட்டர். அதாவது, நாலு விரல்."

அப்போதுதான் அந்த எண்ணை யாமினி முதல்முறையாகப் பார்த்தாள். பார்த்தவுடனே புரிந்தும்விட்டது. அவள் கணக்கில் அங்கே இன்னும் ஏழடி ஆழத்துக்கு ஒரு குட்டை இருந்தது. நிலத்தின் மேடு பள்ளமெல்லாம் பதிவேட்டிலிருந்து வருபவை. குட்டை நிறைந்து தளும்பி, கரைக்கு மேல் நாலு விரல் ஏறியது என்று கணினி சொன்னது. ஜனங்கள் அந்தக் குட்டையின் அடியில் வீடு கட்டிக் குடியிருந்தார்கள்.

எழுந்தாள். "அது கரைக்கு மேல இருக்கற மட்டங்க. வீடுங்க எல்லாம் கரைக்கு ஏழடி கீழ இருக்கு. நானே இறங்கிப் போய்ப் பார்த்தேன்."

"பார்த்ததுன்னு எதையும் சொல்லக்கூடாதுங்க மேடம், சட்டம் ஏத்துக்காது," என்றார் அரசு வக்கீல். "பதிவேட்டுல அந்த இடத்துல வீடு இருக்கா?"

"இல்ல."

"என்ன இருக்கு?"

"குட்டை."

"குட்டையில தண்ணி நின்னா அத வெள்ளம்னு சொல்லலாமா?"

ஏகாம்பரத்தின் வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னாள். அது குறித்துக்கொள்ளப்பட்டது, அவ்வளவுதான்.

நீதிபதி வயதான பெண்மணி, கெட்டவர் இல்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"நீங்கதானேம்மா இந்தக் கணக்க எழுதினது? ஏற்கெனவே ஒரு தடவ தப்பாயிடுச்சுன்னு சொல்றீங்க. இந்தத் தடவ கணக்குல பிழை இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

இருக்கு என்று சொன்னால் போதும். ஒரு சொல். புதிய படமும் விழுந்துவிடும், பழையது ஏற்கெனவே விழுந்தாயிற்று, ஏகாம்பரம் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவான். யாமினிக்கு அது தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இருபது வருஷமாகப் பிழையைத் துரத்தித் துரத்தியே வாழ்ந்தவள், பிழையே இல்லாத ஒரு விடையை, மூன்று வாரம் ரத்தம் சுண்ட எழுதிய விடையை, பிழை என்று சொல்ல அவள் வாய் எழவில்லை. பாவி, அந்த நேரத்திலும் அவளுக்குக் கணக்குதான் பெரிதாகப் பட்டது.

"கணக்குல பிழை இல்லைங்க. ஆனா..."

தட்டச்சுப் பெண் 'பிழை இல்லை' வரைக்கும் அடித்துவிட்டு விரல்களை எடுத்துக்கொண்டாள்.

"அது போதும்மா," என்றார் நீதிபதி.

நாலு விரல் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண், யாரும் அமுக்காமல் மூழ்க முடியாது. அதற்குச் சமன்பாடு தேவையில்லை. பத்து நிமிஷத்தில் கொலைக் குற்றச்சாட்டைப் பதிவு செய்து, ஜாமீனை ரத்து செய்து உத்தரவு வந்தது. தணிகாசலம் யாமினியிடம் வந்து, கோர்ட்டிலேயே நம்ம கணக்குக்கு சர்டிபிகேட் கிடைச்சுடுச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாவில் ஏகாம்பரத்தைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு கான்ஸ்டபிள் விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார். ஏதோ வழக்கமான நடைமுறை என்று நினைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. யாமினியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"தண்ணி வந்துச்சுன்னு ஒத்துக்கினாங்களா மேடம்?"

"ஒத்துக்கிட்டாங்க."

அவன் முகமே மாறிவிட்டது. விலங்கு போட்ட இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். "அது போதும் மேடம். அவ தண்ணிலதான் செத்தான்னு கவுருமெண்டே எழுதிட்ச்சில்ல. இனிமே எவனும் என்ன ஒண்ணும் சொல்ல முடியாது. எவ்ளோன்னு எழுதிக்கிறாங்கோ?"

யாமினி கான்ஸ்டபிளைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நாலு விரல்," என்றாள்.

ஏகாம்பரம் சிரிக்கப் பார்த்தான். அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மெல்ல மெல்ல உறைத்தது.

"அளந்தது யாரு மேடம்?"

"நான்தான்."

அவன் கும்பிட்ட கையைக் கீழே இறக்கினான்.